திசைக்காக்கை

கரையைத் தவறவிட்ட பாய்க்கப்பலில் தண்ணீர்ப் பீப்பாய் அடி தட்டியிருந்தது. கப்பலை நடத்தும் தண்டல் மிக்கேல், வேறு வழியின்றிக் கூண்டிலிருந்த காக்கையைத் திறந்துவிட்டார். கரை தென்பட்டால் காக்கை திரும்பாது. அது போன திசையில் கப்பலை விட்டால் போதும். கரை இல்லையென்றால் கப்பலுக்கே வந்துவிடும். திறந்துவிடும் முன் அதைப் பட்டினி போட வேண்டும் என்பது வழக்கம். சோறு போட்டால் கப்பலே அதற்குக் கரையாகிவிடுமாம்.

காக்கை மேற்கே போனது. தளத்தில் கிடந்தவர்கள் தலையை மட்டும் அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்கள். வெயில் தாழ்ந்தபோது அது திரும்பி வந்தது. அதைத் திட்டக்கூட யாருக்கும் தெம்பில்லை.

"மேக்க ஒண்ணுமில்ல. கெழக்க திருப்புங்கலே," என்றார் தண்டல், கண்ணைத் திறக்காமலே. சுக்கான் முனகியது.

காக்கை நேராகச் சமையல்காரன் கஸ்பாரின் மடியில் இறங்கி வாயைப் பிளந்தது. பட்டினி நாட்களிலும் தன் பங்குச் சோற்றில் ஒரு வாய் அதற்கு ஒளித்து ஊட்டியவன் அவன்தான். கூண்டில் அடைக்க அதன் கால்களைப் பிடித்தான். உள்ளங்கையில் ஏதோ பிசுபிசுத்தது. விரித்துப் பார்த்தான். சேறு. புல்லின் நுனி ஒன்று ஒட்டியிருந்த கறுத்த சேறு.

"ஏம்ல வந்த?" என்றான், காக்கைக்கு மட்டும் கேட்கும்படி.

பாய் கிழக்கே காற்றை வாங்கிப் புடைத்துவிட்டது. தண்டல் ஒரு கண்ணைத் திறந்தார்.

"கையில என்னலே, கஸ்பாரு?"