டர்போவுக்கு ஒரு நிமிஷம்

“யாரும் இறங்கக் கூடாது!”

லூர்துராஜ் சொல்லி வாயை மூடுவதற்குள் காரின் நாலு கதவும் டக்கென்று பூட்டிக்கொண்டன.

மருமகள் ஜெஸிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. தல்லாகுளத்தில் அக்கா கட்டிய புது வீடு கண்ணெதிரே இருக்கிறது. ஜெபம் சொல்லி வீட்டை மந்திரிக்க ஃபாதர் வந்துவிட்டாராம், போன் மேல் போன். மாமனாரோ இன்ஜினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்.

“நேரமாச்சு மாமா.”

“டர்போ ஆறணும்மா. இன்ஜின்ல தலைதெறிக்கச் சுத்துற சாமான் அது. படக்குன்னு ஆஃப் பண்ணினா ஆயில் ஓட்டம் நின்னுபோகும். உள்ள நிக்கிற ஆயில் சூட்டுல கருகிப்போகும். ஒரே நிமிஷம்.”

முன்சீட்டில் இருந்த மகன் ஜெய்சன், மனைவி தன்னைப் பார்த்துவிடக் கூடாதே என்று தலையைக் குனிந்துகொண்டான்.

திருநகரில் இந்தக் கூத்து தெரியாதவர் கிடையாது. பன்னிரண்டு வருஷமான சின்ன டீசல் கார். கம்பெனி சொன்ன கிலோமீட்டர் வருவதற்கு முன்பே லூர்துராஜ் ஆயில் மாற்றிவிடுவார். குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல ஏர் ஃபில்டரைத் தட்டித் தட்டித் தூசி எடுப்பார். வண்டியும் ஒருநாள்கூட வழியில் நின்றதில்லை. ஆனால், குடும்பத்தோடு எங்கே போய்ச் சேர்ந்தாலும் சப்பரத்தில் வைத்த சாமி சுரூபங்கள் மாதிரி எல்லாரும் கண்ணாடிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

“அண்ணே, டர்போ தூங்கிருச்சா? தாலாட்டுப் பாடவா?” என்று எதிர்வீட்டுப் பாண்டியராஜன் கத்துவார்.

மற்ற நாளென்றால் ஜெஸியும் சிரித்திருப்பாள். இன்று அவள் மடியில் குடம்.

ஆமாம், குடம். உள்ளே ஒரு ஆள் உட்காரலாம் போல ஒரு சில்வர் குடம். அக்காவுக்கென்று அவள் பார்த்துப் பார்த்து வாங்கி, ஜிகினாத் தாள் சுற்றி வைத்த சுவர்க் கடிகாரத்தை மாமியார் பிலோமினாள் வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டு இதைத் தூக்கி வந்துவிட்டார். கடிகாரம் வரவில்லை என்ற விஷயம் வழியில் பசுமலையில்தான் தெரிந்தது. கோரிப்பாளையம் தாண்டியும் சண்டை ஓயவில்லை.

“எங்க அக்கா வீட்டுக்கு என்ன குடுக்கணும்னு எனக்குத் தெரியாதா அத்தை?”

“கடியாரம் ஆறு மாசத்துல நின்னுபோகும். குடம் நிக்குமா?”

“அது ஓடவே ஓடாதே, அப்புறம் எங்க நிக்க! இறங்குனதும் எங்க அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்றேன். எங்க சனம் அம்புட்டும் உள்ளதான் இருக்கு.”

“சொல்லு தாயி. உங்க மக எனக்கு ஒருநாளாச்சும் வாய்க்கு ருசியா காப்பி போட்டிருக்காளான்னு நானும் கேக்குறேன்.”

ரெண்டு பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு, கதவு திறந்தால் பாயத் தயாராக இருந்தார்கள். இந்த முகத்தோடு இறங்கினால் விசேஷம் போச்சு. அப்புறம் ரெண்டு குடும்பமும் முகம் பார்த்துப் பேச எத்தனை வருஷம் ஆகுமோ!

“ஆச்சுங்களா?” என்றார் பிலோமினாள்.

“இன்னும் கொஞ்சம்.”

அப்போதுதான் ஜெஸியின் சித்தப்பா அந்தப் பக்கம் வந்தார். பட்டு வேட்டி, புதிதாக மை அடித்த மீசை. வெயிலில் கார் ஜன்னல் முகம் பார்க்கும் கண்ணாடியாய் மின்னியது. உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் பிலோமினாளுக்கு நேராகக் குனிந்தார். சீப்பை எடுத்து மீசையை இந்தப் பக்கம் சீவினார். அந்தப் பக்கம் சீவினார். ‘ஈ’ என்று பல்லைக் காட்டி, இடுக்கில் இருந்த கறிவேப்பிலையை நகத்தால் எடுத்தார். கடைசியாக ஒற்றைப் புருவத்தைத் தூக்கி, ஜோராக ஒரு கண் அடித்தார்.

ஒரு சாண் தூரத்தில் பிலோமினாளின் மூக்கு.

“மாதாவே! ஜெஸி, உங்க சித்தப்பா என்னையப் பார்த்துக் கண்ணடிக்கிறாருடி!”

ஜெஸி அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. அவள் குலுங்கிய குலுக்கலில் குடம் உருண்டு முன்சீட்டில் ‘டங்’கென்று மோதியது. சத்தம் கேட்ட சித்தப்பா கையைக் குவித்து உள்ளே எட்டிப் பார்த்தார். அடுத்த நொடி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எடுத்தாரே ஓட்டம்!

பிலோமினாள் சிரித்துச் சிரித்து மருமகள் தோளிலேயே சாய்ந்துவிட்டார்.

“அழுது சிரிச்சுக் கண்மையெல்லாம் கரைஞ்சுபோச்சு, இங்க காட்டு” என்று முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். “கடியாரத்தை நாளைக்கு நானே கொண்டாந்து உங்க அக்கா கையில குடுக்குறேன், போதுமா?”

“ரெண்டுமே இருக்கட்டும் அத்தை.”

“சரி, இறங்குங்க” என்று லூர்துராஜ் இன்ஜினை நிறுத்தினார்.

குடத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி மாமியாரும் மருமகளும் உள்ளே போனார்கள். அம்மாவிடம் ஜெஸி சொன்னது மீசைக் கதை மட்டும்தான்.

அடுத்த வாரம் ஜெஸி மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மார்க்கெட் போன லூர்துராஜ் தனியாகத் திரும்பி வந்தார். கார் வாசலில் நின்றதோ இல்லையோ, சாவியைத் திருகி இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார்.

ஜெஸி ரெண்டு ரெண்டு படியாகத் தாவி வந்து வழிமறித்தாள்.

“மாட்டிக்கிட்டீங்களா மாமா! டர்போ என்னாச்சு?”

லூர்துராஜ் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தணித்தார்.

“சத்தம் போடாத தாயி. ரிங் ரோட்டுல விரட்டிட்டு வந்தாத்தான் அது ஆறணும். ஊருக்குள்ள உருட்டிட்டு வந்ததுக்கு ஒண்ணும் ஆகாது.”

“அன்னைக்கும் ஊருக்குள்ள உருட்டிட்டுத்தானே போனோம்? எங்களை எதுக்கு அம்புட்டு நேரம் பூட்டி வச்சீங்க?”

காய்கறிப் பையை அவள் கையில் கொடுத்தார் லூர்துராஜ்.

“இன்னைக்குப் பின்சீட்டுல யாரும் சண்டை போடலையேம்மா!”