நுரைக்காத புட்டி

மலாயாவின் ஸ்கூடாய் அன்னாசித் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், துரை பங்களாவின் காலிப் புட்டிகளில் தீபாவளிக்கென்று ஒயின் போட்டிருந்தான் பழனியாண்டி. ஒன்றைத் திறந்து பார்த்தான். சத்தமும் இல்லை, நுரையும் இல்லை.

"அடைக்கிறப்ப, நுரைக்கிறதுக்குச் சீனி போட்டியா, அங்கம்மா?"

"போட்டேங்க."

"தக்கையைக் கயித்தால நான்தானே கட்டினேன்? காத்து எங்க போச்சு?"

"நான்தான் தினமும் அவுத்து விட்டுட்டு மறுபடி கட்டுறேன்."

"அப்புறம் எப்படிடி நுரைக்கும்?"

"மெல்லப் பேசுங்க. போன தடவை புட்டி வெடிச்சப்ப புள்ள எப்படி அலறுனான்! இப்பத்தான் தூங்குறான்."

பழனியாண்டி தொட்டிலைப் பார்த்தான். பிள்ளையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த பிறகும், அதைக் கழற்ற அவள் விடவில்லை.

மிச்சப் புட்டிகளில் அன்றைக்குச் சேர்ந்திருந்த காற்றை, சத்தம் வராமல் அவனே திறந்துவிட்டான்.