கண்ணபிரானுக்கு ஒரு டர்போ

போன மானத்தைத் திரும்ப வாங்க இரண்டு லட்சம் ஆகும் என்றார் ராஜபாளையம் மெக்கானிக் ஹபீப் ரகுமான். கண்ணபிரான் பேரம்கூடப் பேசவில்லை.

"நாளைக்கே காருல டர்போவை மாட்டி வேகத்தைக் கூட்டிருங்க பாய். நேத்து ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டுல ஒரு ஸ்கூட்டிகிட்டத் தோத்துட்டேன்."

"ஆட்டோமேட்டிக் வண்டி தம்பி. அம்புட்டு இழுவையை இந்த கியர்பாக்ஸ் தாங்காது."

"அதையும் மாத்துங்க!" ஹபீப் நாற்காலியைக் காட்டினார். கண்ணபிரான் உட்கார்ந்த வேகத்தில் எழுந்து அங்குமிங்கும் நடந்தான்.

ஹபீப் காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். "நல்லாத்தானே பறக்குது? இதுலயா ஸ்கூட்டியைப் பிடிக்க முடியல?"

கண்ணபிரான் தரையைப் பார்த்தான். "பிடிச்சேன் பாய். வன்னியம்பட்டிகிட்ட பக்கத்துலயே போய்க் கண்ணாடியை இறக்குனேன். வார்த்தைதான் வரல. வைஜயந்தி ஸ்கூட்டியை நிறுத்தாம, திரும்பிக்கூடப் பாக்காம அவங்கப்பா வீட்டுக்குப் போயிட்டா."

"யாரு, உங்க வீட்டம்மாவா? அப்படி என்னத்தச் சொன்னீங்க?"

"மாமனார் சீராக் குடுத்த காரு ஆமை மாதிரி ஊருதுன்னு மச்சான்மாருக்கு முன்னால சிரிச்சுட்டேன்."

"எந்தக் காரு?"

"இதேதான்."

ஹபீப் பானெட்டை அறைந்து மூடினார். "இதுல போயி டர்போ மாட்டுனா, சிரிச்சது சரிதான்னு ஊருக்கே சொன்ன மாதிரில்ல ஆயிரும்! வண்டி பாத்த கூலி நூறு ரூபாயை எடுங்க."

கண்ணபிரான் எடுத்துக் கொடுத்தான்.

"நம்ம கணக்கு தீந்துச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு மன்னிப்பு பாக்கி."