ரிப்பன் கட்டிய சுரைக்காய்

குடியிருப்புக்குப் பின்னால் நாங்கள் போடும் தோட்டத்தில் யார் வேண்டுமானாலும் காய் பறிக்கலாம். விதைக்கு விட்ட காயை மட்டும் தொடக்கூடாது. பெரியவர்களை நான் நம்புவதில்லை; பிள்ளைகளைத்தான் அதில் துணி கட்டச் சொல்வேன். கட்டிய கைதான் அவிழ்க்க வேண்டும். சுரைக்காய்க்கு அமலி தன் சடை ரிப்பனைக் கட்டினாள். காய் முற்றுவதற்குள் காய்ச்சலில் போய்விட்டாள்.

விதைப்பு நாளில் அவள் அம்மா வந்தாள். “மத்த புள்ளைங்க விதைக்குக் காத்துக்கினு இருக்குதுங்க. நான் அவுக்கட்டுமா, பெரியவரே?”

“கட்டினது நீயா?” என்று கேட்டுவிட்டேன். என் நாக்கு அப்படி.

அவள் ரிப்பனிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். நான் முடிச்சுக்கு மேலே காம்பை அறுத்து, ரிப்பனோடு காயைக் கொடுத்தேன். காதோரம் வைத்து ஆட்டினாள். உள்ளே விதைகள் கலகலத்தன. பிள்ளைகள் கை நீட்டி நின்றார்கள். அவள் இன்னொரு முறை ஆட்டினாள்.