எடுக்கும் அதிகாரம்

"இடம் வாங்க எங்களுக்கு அதிகாரம் இருக்கு. விக்க, வாடகைக்கு விட, கோர்ட்டுக்குப் போக, எல்லாத்துக்கும் இருக்கு. ஆனா ஒரு கடையைக் கட்டாயமா எடுக்கணும்னா, அது நலிஞ்சு போயிருக்கணும். அதையும் கடை நடத்துறவர் வாயாலயே நாங்க கேக்கணும், சட்டம் அப்படி," என்றார் பொருளாதார வளர்ச்சி ஆணையத்தின் பெண் அதிகாரி. "சொல்லுங்க, உங்க குடைக் கடையில வியாபாரம் எப்படி?"

கடைக்காரருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. 'ஈ ஓட்டுறேன்' என்று ஒரு வார்த்தை போதும். நஷ்டஈடு வரும். ஆசைப்பட்டபடி லாரி ஓட்டப் போய்விடலாம்.

ஆனால் பக்கத்து நாற்காலியில் மாமனார். பெண்ணோடு சேர்த்து அந்தக் கடையையும் கையில் கொடுத்தவர். துணைக்கு வருகிறேன் என்று கிளம்பி வந்து, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் "கடை ஓஹோன்னு போகுது மாமா" என்றே இவர் சொல்லி வந்திருந்தார்.

"வியாபாரம் பரவாயில்லைம்மா."

மாமனார் இருமினார். கடைக்காரருக்குச் சுருக்கென்றது.

"பரவாயில்லை என்ன, நல்லாவே போகுது."

"மழையே இல்லையே?"

"வெயிலுக்கும் குடைதானேம்மா."

"போன வாரம் நான் வந்து பார்த்தப்ப கடையில ஒருத்தரும் இல்லை. நீங்களும் தூங்கிட்டு இருந்தீங்க."

மாமனார் இன்னும் பலமாக இருமினார்.

"அதுவா? காலைல கூட்டத்தைச் சமாளிச்ச அசதிம்மா."

அதிகாரி மாமனாரை ஒரு முறை பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார்.

"அப்ப சரி. இவ்வளவு நல்லா நடக்கிற கடைமேல கை வைக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. போயிட்டு வாங்க."

இருவரும் படியிறங்கினார்கள். தெருமுனை வரை பேச்சில்லை. நஷ்டஈடு போனாலும் மாமனார் முன் மானம் தப்பியதே என்று கடைக்காரர் மனசைத் தேற்றிக்கொண்டார்.

"ஏன் மாமா ஒண்ணுமே பேச மாட்டேங்கிறீங்க?"

மாமனார் நின்றார்.

"கடையை மூடுங்கன்னு நானே சொன்னா உங்க மனசு நோகுமேன்னு, 'எப்படியாவது எடுத்துக்கங்கம்மா'ன்னு அந்தப் பொண்ணுகிட்ட ஒரு மாசமா கெஞ்சிச் சம்மதிக்க வச்சிருந்தேன். கெடுத்தீங்களே மாப்ளே."