கம்ப்யூட்டருக்குள் பேரையூர் ரோடு

"ஏ தங்கச்சி, இங்க வந்து பாரு! மாப்ள பேரையூர் ரோட்டையே பேத்துக் கொண்டாந்து கம்ப்யூட்டருக்குள்ள வச்சிருக்காப்ல!"

சோணைமுத்து போட்ட சத்தத்தில் சோலையம்மாள் காபித் தம்ளர்களோடு வந்தாள். அவள் கணவர் வெள்ளைத்துரை கண்டக்டராக இருந்த காலம் பூராவும் அதே பஸ்ஸை ஓட்டியவர் சோணைமுத்து. இருவரும் ஒன்றாகத்தான் ரிடையர் ஆனார்கள்.

வீட்டில் உட்கார்ந்த கையோடு வெள்ளைத்துரைக்கு இந்தக் கிறுக்கு பிடித்துக்கொண்டது. மகன் அருள்பாண்டி சென்னைக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போன கம்ப்யூட்டரில், மௌஸைப் பிடித்துப் படம் வரைவது. முதலில் வரைந்த பனைமரம் விளக்குமாறு மாதிரி இருந்தது. சோலையம்மாள் வயிறு வலிக்கச் சிரித்தாள். இப்போதோ கரிசல்காடு, கண்மாய், தூரத்து மலை என்று மனிதர் பின்னி எடுக்கிறார்.

"ரெட்டப் பனை, அய்யனார் குதிரை, மலை மேல விழுகுற வெயிலு... அம்புட்டும் அச்சு அசலா இருக்கு மாப்ள! எத்தன வருசம் போன ரோடு, மறக்குமா?"

வெள்ளைத்துரை வானத்துக்கு நீலம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அதற்கு மேல் சோலையம்மாளுக்குப் பொறுக்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து மேசையில் கொட்டினாள். அத்தனையும் பஸ் டிக்கெட்டுகள்!

"அண்ணே, நீங்களே கேளுங்க இந்த அநியாயத்த. நின்னு நின்னு இவரு காலு நரம்பெல்லாம் சுருண்டு கெடக்கு. இனிமே பஸ்ல நிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இவரும் என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணாரு. இப்ப என்னடான்னா, 'ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வாரேன்'னு காலையில கெளம்புனா, சாயங்காலம் புழுதியோட வந்து நிக்கிறாரு. சட்டையத் தொவைக்க எடுத்தா பையில டிக்கெட்டு! எந்தப் பிரைவேட் பஸ்ல திரும்பவும் கண்டக்டரா ஏறி டிக்கெட் கிழிக்கிறாருன்னு கேளுங்க!"

சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சோணைமுத்து ஒரு டிக்கெட்டை எடுத்துப் பார்த்துவிட்டுக் கடகடவென்று சிரித்தார்.

"அட கூறு கெட்ட புள்ள! டிக்கெட் குடுக்குறவன் பையில கட்டாவுல்ல இருக்கும்? இது வாங்குனவன் பையில இருக்குறது. பூராவும் நம்ம பேரையூர் பஸ்ஸு. என்ன மாப்ள இது?"

வெள்ளைத்துரை கையும் களவுமாக மாட்டிக்கொண்டவர் மாதிரி நெளிந்தார்.

"சத்தியத்த மீறல சோலை. நிக்கவே இல்ல. சன்னலோரமா உக்காந்துதான் போறேன், வாரேன்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் விடவில்லை.

"காலம்பூரா போன ரோட்டுல இன்னும் பாக்குறதுக்கு என்ன இருக்காம்?"

"போனேன், பாத்தேனா? முன்னால உக்காந்து ரோட்டப் பாத்துக்கிட்டு வந்தது இவன். கூட்டத்துக்குள்ள நசுங்கி, நீட்டுற கையத் தவிர நான் என்னத்தக் கண்டேன்? நாளைக்கு நீயும் வா, காட்டுறேன். அந்த ரெட்டப் பனைய நானே போன மாசந்தான் மொத மொதல்ல பாத்தேன்!"