பின்சீட்டில் உட்கார்ந்தவன்

பிப்ரவரி 10, செவ்வாய். கேஸ் கட்டை நாடா போட்டுக் கட்டாமல் எடுத்துப் போனேன். கோர்ட் படியில் காகிதமெல்லாம் சிதறிவிட்டது. தவறு என்னுடையதுதான். காற்றும் கொஞ்சம் அதிகம்.

கடைசி வரி சாக்குப்போக்கு மாதிரி தெரிந்ததால் ஹெலன் அதை அடித்துவிட்டாள். மாலையில் டைப்ரைட்டிங் வகுப்பு, பகலில் வக்கீல் ஸ்டீபனிடம் குமாஸ்தா வேலை. அன்றன்று நடந்ததை வரிசையாக டைரியில் எழுதிவைப்பது அவள் பழக்கம். இன்று வரிசை முரண்டு பிடித்தது.

கும்மிடிப்பூண்டி பக்கம் நிலபுலனோடு இருப்பவர் ஆதிநாராயணன். அவர் மகள் ரம்யாவுக்குக் கம்பெனி வேலைக்குப் போக ஆசை. அப்பாவுக்கு அது கௌரவக் குறைச்சல். ஒருநாள் அவர் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, அவருடைய ஸ்கூட்டரையே எடுத்துக்கொண்டு இன்டர்வியூவுக்குக் கிளம்பிவிட்டாள். சிப்காட்டுக்குள் எந்த கேட் எங்கே என்று தெரியாது. வழி சொல்ல பாக்கியராஜைப் பின்னால் ஏற்றிக்கொண்டாள். அவன் அங்கே ஒரு போல்ட் கம்பெனியில் கான்ட்ராக்ட் தொழிலாளி. அவன் அம்மா ரோசம்மாள் ஒருகாலத்தில் ஆதிநாராயணன் வயலில் நாற்று நட்டவள்.

மைனர் பெண்ணைக் கடத்திவிட்டான் என்று ஆதிநாராயணன் புகார் கொடுத்தார். கடத்தல்காரன் கம்பெனி வாசலில் கரும்பு ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டான். ரம்யா உள்ளே இன்டர்வியூவில் இருந்தாள்.

தான்தான் அவனைக் கூட்டிப்போனதாக அவள் கீழ்க்கோர்ட்டில் சொல்லிப் பார்த்தாள். பள்ளிச் சான்றிதழில் அவளுக்குப் பதினேழு. மைனர் சம்மதித்தாலும் செல்லாது என்று சொல்லி அவனுக்கு மூன்று வருடம் போட்டார்கள். தண்டனையை நிறுத்திவைக்க உத்தரவு வாங்கி, ஸ்டீபன் திருவள்ளூர் கோர்ட்டில் மேல்முறையீடு செய்தார்.

இன்றைக்கு விசாரணையில் ரம்யா, புதிதாகத் தேடியெடுத்த தன் ஆஸ்பத்திரிப் பிறப்புச் சான்றிதழோடு வந்து நின்றாள். அதன்படி சம்பவத்தன்று அவளுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. இதென்ன என்று ஜட்ஜ் கேட்டபோது ஆதிநாராயணன் கூச்சப்படவே இல்லை. பள்ளியில் சேர்க்கும்போது ஒரு வயது குறைத்துப் போட்டால் பின்னால் அரசாங்கப் பரீட்சைக்கு உதவும், ஊரில் எல்லாரும் செய்வதுதான் என்றார்.

மைனரே இல்லாத இடத்தில் கடத்தல் ஏது? பாக்கியராஜ் விடுதலை.

வராண்டாவில் ரோசம்மாள் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. ஸ்டீபனைப் பிடித்துக்கொண்டு சந்தேகம் கேட்டாள்.

"பதினெட்டுக்கு ஒருநாள் கொறஞ்சாலும் கேஸு தானா சார்?"

ஆமாம் என்றார் ஸ்டீபன். அடி உதை இல்லாவிட்டாலுமா, பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டாலுமா என்றாள். பெற்றவர்களைக் கேட்காமல் கூட்டிப்போனாலே குற்றம்தான், புதுச் சட்டத்தில் ஆண், பெண் பேதம்கூட இல்லை என்று அவர் உற்சாகமாக விளக்கினார். கேஸ் மறுபடி உயிர் பெற்றுவிடுமோ என்று பயப்படுகிறாள், பாவம் என்று ஹெலனுக்குத் தோன்றியது.

"அன்னிக்கு என் புள்ளைக்குப் பதினேழு தான் சார். பதினெட்டு ஆவலைன்னா கம்பெனி கேட்டுல உள்ள உடமாட்டாங்கன்னு நாந்தான் ஒரு வயசு ஏத்திக் குடுத்தேன். ஞானஸ்நானம் குடுத்த ஃபாதரு கவரப்பேட்டைல தான் கீறாரு, கேட்டுக்கோங்க."

ஸ்டீபன் தலையில் கை வைத்துக்கொண்டார். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் கேஸ் சிறுவர் நீதிக் குழுமத்துக்குப் போயிருக்கும், இவ்வளவு அலைச்சலே இல்லை என்று புலம்பினார். ரோசம்மாள் அதைக் காதில் வாங்கவில்லை. வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்த ரம்யாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாக்கியராஜுக்கு அம்மாவின் பார்வை புரிந்துவிட்டது. "யம்மா, வேணாம்மா. நான் இஷ்டப்பட்டுத்தான் பின்னால குந்திகினு போனேன்."

"அன்னிக்கு நீ மைனரு. உன் இஷ்டம் செல்லாது. கம்முனு இரு."

வக்கீல் ஹெலனைப் பார்த்து, குறித்துக்கொள் என்றார்.

ஹெலன் இரண்டு முறை எழுதி, இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, டைரியின் கடைசி வரியை முடித்தாள்.

நாளைய வேலை: ரோசம்மாளின் புகாரை டைப் செய்ய வேண்டும், கடத்தப்பட்ட மைனர் பாக்கியராஜ், கடத்தியவர் ரம்யா.